வடசென்னைப் பிள்ளைகளுக்கும் ஒரு ஈரநில மையம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் என் பேத்தியின் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தை மீட்டு, 58 ஏக்கரில் 2011-இல் திறந்த பூங்கா அது. முக்குளிப்பான் பறவை எப்படி முங்கி எழுகிறது, அலையாத்தி மரம் உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது என்று கூட வந்தவர் பொறுமையாகச் சொன்னார். பேத்தி அவரைவிட்டு நகரவே இல்லை. திரும்பி வரும்போது கேட்டாள்: "ஆயா, இதெல்லாம் நம்ம ஊரு பக்கம் இல்லையா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் இருப்பது திருவொற்றியூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வற்றும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு அவளை அங்கே கூட்டிப்போனேன்.

சேற்றில் பென்சில் நட்டுவைத்த மாதிரி அலையாத்தியின் மூச்சுவேர்கள் நின்றன. ஒரு இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "உப்பு!" என்று கத்தினாள். வேண்டாத உப்பை இலை வழியாகவே தள்ளிவிடும் மரம் அது. அப்புறம் ஒரு கை மட்டும் பெருத்த சின்னச் சின்ன நண்டுகள், வளைக்கு வெளியே நின்று அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆண் நண்டு பெண் நண்டைக் கூப்பிடுகிறது என்றதும் அரைமணி நேரம் அங்கேயே குந்திவிட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அம்மா பனையோலையில் முடைந்த பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அதை எந்தப் பூங்காவில் பார்க்க முடியும்?

ஆனால் அவள் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லை. நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. சேறு சில இடங்களில் சாம்பல் நிறத்தில் இருப்பது ஏன் என்று கேட்டாள். அனல்மின் நிலையச் சாம்பல் என்றேன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த ஆற்றிலும் படகிலும் கூழைக்கடாவின் இறகிலும் அப்பிக்கொண்ட கதையையும் சொன்னேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த காக்கா ஆழி என்ற சிப்பி ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படிந்து, இறாலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் அவளுக்குச் சொன்னார். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம்தான். வடக்கே பழவேற்காட்டில் பூநாரை வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற எண்ணூரும் மணலிச் சதுப்பும்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. மழைக்காலத்தில் புழல் உபரிநீர் கடலுக்குப் போவதே இந்த வழியாகத்தான். இது தூர்ந்தால் முதலில் மூழ்குவது எங்கள் வீடுகள். அதைப் பிள்ளைகள் இங்கேயே நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஈரநில மையம் என்று பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு கூடம், நாலைந்து பைனாகுலர், தமிழில் பெயர் எழுதிய பறவைப் படங்கள், சேற்றில் கால் படாமல் நடக்க ஒரு மரப்பாலம் போதும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, ஆற்றை அறிந்த மீனவர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். எண்ணூர், எர்ணாவூர், மணலி பள்ளிகள் மாதம் ஒருமுறை வந்து போகலாம். வனத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து நினைத்தால் முடியும்.

இதைப் பற்றி எழுத உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். நானும் பேத்தியும் கூட வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர்.