வலி நின்ற பல்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பல்வலி தானாவே போயிட்டு, இனி ஆஸ்பத்திரி எதுக்குன்னு போனில் கேட்டாய். ஏட்டி, அந்தப் பேச்சுதான் எனக்குச் சரிப்படவில்லை. ராத்திரி முழுக்கத் துடிக்க வைத்த சொத்தைப்பல் வைத்தியம் பார்க்காமலே அடங்கினால், அநேகமாக உள்ளே நரம்பு செத்திருக்கும்.

ஐஸ் தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூசி இரண்டு நொடியில் போய்விட்டால் நரம்பு பிழைக்கும்; சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். கூச்சம் லேசில் போகாமல் நின்றாலோ, சூடான காப்பிக்கு வலித்தாலோ, படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தாலோ நரம்பு வீங்கிவிட்டது. பல்லுக்குள் வீங்க இடம் ஏது? சுற்றிலும் கெட்டிச் சுவர். ரத்த ஓட்டம் நெரிபட்டு நரம்பு சாகும். அன்றைக்கு வலி நிற்கும், கிருமி நிற்காது. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும்.

சின்னக் கறுப்புப் புள்ளிதானே என்கிறாய். மேலே எனாமல் கெட்டி, அதற்கடியில் இருக்கிற டென்டின் என்ற உள்பாகம் மெத்து. கறையான் அரித்த கதவு நிலையைப் பார்த்திருக்கிறாயே, வெளியே பெயிண்ட் பளபளக்கும், விரலை வைத்தால் உள்ளே போகும். அதேதான். எக்ஸ்ரே எடுத்தால்தான் ஆழம் தெரியும்.

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கித் தின்னாதே. செத்த நரம்புக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. வீக்கம் வற்றும், பத்து நாளோ ஆறு மாதமோ கழித்துத் திரும்ப வரும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைக்கலாம். ஈறில் பட்டால் பொத்துவிடும். கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் பூச்சி எடுக்கிறேன் என்று உன் ஆச்சி சொல்லுவாள். பல்லில் பூச்சியே கிடையாது.

அங்கே சென்னையிலேயே கோட்டை ஸ்டேஷன் பக்கம் முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடு. ஆனித் தேருக்கு ஊருக்கு வரும்போது ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் பார்த்துக்கலாம் என்று தள்ளாதே. வேர் சிகிச்சைதான் என்பார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று குழாய். ஒவ்வொன்றையும் மெல்லிய ஃபைலால் சுரண்டி, மருந்தால் கழுவி, அடைக்க வேண்டும். ஓரிரு தடவை போக வேண்டியிருக்கும். பாதிப் பேர் கெடுப்பது இங்கேதான்: முதல் தடவையிலேயே வலி தீர்ந்ததும் தற்காலிகச் சிமெண்டோடு நின்றுவிடுவார்கள். அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கும், எல்லாம் பழையபடி ஆகும். கடைசியில் பல்லுக்கு மேலே கேப் என்ற உறையும் போட்டாக வேண்டும். குடைந்த பல் கடலை மிட்டாயைக் கடித்தால் இரண்டாகப் பிளக்கும், அப்புறம் பிடுங்குவதுதான்.

தாடைக்கடியில் வீங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தாலோ ஓ.பி.க்குக் காத்திராதே. நடுராத்திரி என்றாலும் கேஷுவால்டிக்குப் போ. மூச்சை அடைக்கிற விஷயம் அது.

அல்வாவைப் பழி சொல்லாதே. ஒரு துண்டை ஒரே மூச்சில் தின்று வாய் கொப்பளித்தால் கெடுதல் கொஞ்சந்தான். ஒவ்வொரு தடவை இனிப்பு படும்போதும் கிருமி அமிலம் விடும். எச்சில் அதைத் தணிக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நீ படிக்கும்போது அரை மணிக்கொரு வாய் சர்க்கரை டீ, ஒரு பிஸ்கட் என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. கருப்பட்டி காப்பிக்கும் இதே கணக்குதான். நம்ம ஊரில் அதை மருந்து மாதிரி நினைக்கிறார்கள்.

ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிஷம் தேய். பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். போட்டிருக்கிறதா பார். நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டு அலசாதே.

தம்பிக்குப் பன்னிரண்டாம் வயசுக் கடைவாய்ப்பல் இப்போதுதான் முளைத்திருக்கிறது. புதுப்பல் சீக்கிரம் அரிக்கும், பள்ளமும் ஆழம். அந்தப் பள்ளத்தை மூடுகிற சீலன்ட் பூச ஹைகிரவுண்டில் கேட்கப் போகிறேன்.

எக்ஸ்ரே எடுத்ததும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அம்மா