டிக்கி பூட்டுக்காக லாக் செட்டையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில், டிக்கி திறக்க மறுத்தால் லாக் செட்டை மொத்தமாக மாற்றிவிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மற்ற குறிப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஒரு வரி மட்டும் வீண் செலவையும் வீண் வேலையையும் இழுத்துவிடும். லாக் செட் என்றால் கதவுகள், இக்னிஷன், டிக்கி எல்லாம் அடங்கியது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இக்னிஷன் பூட்டைப் பிடுங்கிவிட்டு, தரம் தெரியாத ஒன்றை அங்கே மாட்டுவதில் என்ன லாபம்? டிக்கியில் எது போயிற்றோ அதை மட்டும் மாற்றலாம். கையில் இருக்கும் பழைய சாவியே புதிய பூட்டையும் திறக்கும்படி செய்யலாம்.

டிக்கி பூட்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல பாகங்களின் கூட்டு. சாவி நுழைவது பேரல். பேரலின் பின்முனையில் ஒரு சிறிய லீவர். லீவரையும் லாட்ச்சையும் இணைப்பது மெல்லிய கம்பி, மெக்கானிக்குகள் ராடு என்பார்கள். மூடியில் இருக்கும் லாட்ச், பாடியில் இருக்கும் வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். சில கார்களில் ராடு கிடையாது. லீவர் நேராக லாட்ச்சுக்குள் நுழைந்து திருப்பும். இதில் எது பழுதானாலும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது டிக்கி திறக்கவில்லை என்பது மட்டும்தான். ஆகவே எதையும் கழற்றும் முன் சாவி எப்படித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

சாவி எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் பேரல் மேல் குற்றமில்லை. ராடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும், அல்லது லீவர் கழன்றிருக்கும். வெயிலில் வெந்து வெந்து அந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிடுவது பழைய கார்களில் வாடிக்கை. கிளிப் ஒன்று மாற்றினால் வேலை முடிந்தது. சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்பவே இல்லை என்றால் முதலில் அதிகம் புழங்காத இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திறந்தால் தேய்ந்தது சாவிதான். தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் நகலும் தேய்ந்தே பிறக்கும். சாவியோடு வந்த தகட்டிலோ பேரல் மேலோ பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்க்கிங் ஊழியரிடம் கொடுப்பதற்கென்றே சில கார்களோடு தனியாக ஒரு சாவி வரும். அது கதவையும் இக்னிஷனையும் மட்டும் திறக்கும், டிக்கியைத் திறக்காது. பழைய அமெரிக்க கார்கள் பலவற்றில் இக்னிஷனுக்கு ஒரு சாவி, கதவுக்கும் டிக்கிக்கும் வேறொரு சாவி. பழைய கார் கை மாறும்போது இந்த விவரம் கூடவே வருவதில்லை.

சாவி திரும்பி, உள்ளே டக்கென்று சத்தமும் கேட்டு, மூடி மட்டும் எழும்பவில்லை என்றால் லாட்ச் காய்ந்திருக்கிறது, அல்லது திறப்பின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங், மூடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மூடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் சாவியைத் திருப்பினால் லாட்ச் மேல் இருக்கும் இழுவை குறைந்து விடுபடும். சாவி முறுக்கிக்கொள்வதுபோல் தெரிந்தால் அதற்கு மேல் பலம் காட்டக் கூடாது. உடைந்த சாவியின் நுனியை பேரலிலிருந்து எடுப்பது தனி அவஸ்தை.

பட்டனில் திறக்கும் டிக்கி என்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கீலருகே வளைந்து செல்லும் வயர்க் கட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் மடங்கி நிமிர்ந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். நம்பர் பிளேட் விளக்கும் கூடவே எரியாமல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான்.

மூடிய நிலையிலேயே பூட்டு செத்துவிட்டால் உள்ளே போக வழி பின் சீட்டு. மடங்கும் சீட்டானால் கவலையில்லை. மடங்காத சீட்டில், உட்காரும் மெத்தையின் முன்விளிம்பை மேல்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் கிளிப் விடும். முதுகுச் சாய்வு அடியில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும், அவற்றைக் கழற்றி மேலே தூக்கினால் கொக்கிகளிலிருந்து விடுபடும். அதன் பின்னால் இரும்புத் தகடு முழுசாக அடைத்திருக்கும் கார்களும் உண்டு. அங்கே ஸ்பீக்கரைக் கழற்றிய ஓட்டை வழியே நீளமான கம்பியை விட்டு லாட்ச்சைத் தட்ட முயலலாம். உள்ளே ஒருவர் தவழ்ந்து போகிறார் என்றால் சீட்டு வழி திறந்தே இருக்க வேண்டும், வெளியே துணைக்கு ஆள் இருக்க வேண்டும். டிக்கிக்குள்ளிருந்தே திறக்கும் கைப்பிடி அமெரிக்காவில்கூட 2001 செப்டம்பர் 1 முதல் தயாரான கார்களுக்குத்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எந்த வழியும் இல்லையென்றால் பேரலைத் துளைக்கலாம். எப்படியும் மாற்றப்போகிற பாகம்தானே.

மூடி திறந்தாயிற்று என்றால் வேலை எளிது. மின்சாரப் பூட்டு உள்ள காரில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால், கழற்றிய பிறகு மூடியைத் தப்பித்தவறியும் சாத்திவிடக் கூடாது. பட்டனும் வேலை செய்யாது, சாவி போட பேரலும் இருக்காது. மூடியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் மூடிக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுங்கள். உள்பக்க அட்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டன்களில் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும். முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. பிறகு ராடு, லீவர், லாட்ச் இருக்கும் நிலையை போனில் இரண்டு கோணத்தில் படமெடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ராடின் கிளிப்பை நேராக இழுக்கக் கூடாது. அதன் காதைப் பக்கவாட்டில் சுழற்றினால் ராடைவிட்டு விலகும், அப்புறம் ராடை உருவலாம். பேரலைப் பிடித்திருப்பது பெரும்பாலும் குதிரைலாட வடிவில் ஒரு ஸ்பிரிங் தகடு, இதையும் கிளிப் என்றே சொல்வார்கள். நோஸ் பிளேயரால் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தகடு துள்ளி மூடியின் உட்கூட்டுக்குள் விழுந்து, வண்டி ஓடும்போதெல்லாம் கிலுகிலுக்கும். சில மாடல்களில் இதற்குப் பதில் நட்டுகள் இருக்கும். சிலவற்றில் ரிவெட் அடித்திருப்பார்கள், அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த கிளிப்பை எடுத்த பிறகும் பேரல் அசையாவிட்டால், பேரலுக்கும் மூடிக்கும் நடுவே இருக்கும் அடைப்பு வளையமான கேஸ்கெட் பெயின்ட்டோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளிருந்து சுத்தியலால் அடித்தால் வெளியே பெயின்ட் பெயரும். ஊறவிட்டு, சுழற்றிச் சுழற்றி வெளியே தள்ளுங்கள். லாட்ச்சையும் கழற்றுவதாக இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டுகள் பெரும்பாலும் 10 மி.மீ. தலை கொண்டவை.

புதிய பேரலைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முகத்தின் விட்டம், மொத்த நீளம், கிளிப் உட்காரும் பள்ளம், பின் லீவரின் நீளம், சாவியை எடுத்த நிலையில் லீவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது வரை ஒத்துப்போக வேண்டும். லீவர் மட்டும் வேறுபட்டால் பழைய லீவரையே மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிறிய லாக் வளையத்திலோ பின்னிலோதான் அது நிற்கும். எதிர்த்திசையில் மாட்டிவிட்டால் சாவியைத் திருப்பும்போது ராடு திறக்காமல் இறுக்கும்.

இனி, சாவி விஷயம். லாக் செட்டை வாங்க வைப்பதே இந்தப் பயம்தான்: டிக்கிக்கு மட்டும் தனிச் சாவி வைத்துக்கொள்ள வேண்டுமோ என்பது. தேவையில்லை. பேரலுக்குள் சுழலும் உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே மயிரிழைபோல் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளையைவிட்டுத் துருத்திக்கொண்டு, வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு அடங்கும், உருளை சுழலும். தகடுகள் நான்கைந்து அளவில்தான் வரும். பல தயாரிப்புகளில் 1, 2, 3 என்று எண்ணே பொறித்திருக்கும். ஆகவே பழைய பேரலின் தகடுகளை அதே வரிசையில் புதியதற்கு மாற்றினால் பழைய சாவி இதையும் திறக்கும்.

செய்முறையில் பொறுமைதான் முக்கியம். சாவியை உள்ளே வைத்தபடியே உருளையை உருவ வேண்டும். வெறுமனே உருவினால் தகடுகளும் ஸ்பிரிங்குகளும் நாலாபக்கமும் சிதறும். சில பேரல்களில் பின்னால் இருக்கும் லாக் வளையத்தை எடுத்தால் உருளை வந்துவிடும். சிலவற்றில் முகத்தில் அழுத்தி மடித்த மூடித்தகடு இருக்கும். அதைப் பிரித்தால் திரும்ப அதே உறுதியோடு மடியாது, புதிய மூடித்தகடு வேண்டும். வெளிர்நிறத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். ஒரு தகட்டை எடுத்து அதன் இடத்தில் புதிய உருளையில் பொருத்திய பிறகே அடுத்ததற்குப் போங்கள். பழைய ஸ்பிரிங்கைப் போடாதீர்கள், புதியதில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் சாவியை நுழைத்து உருளையின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எந்தத் தகடும் நெருடக் கூடாது. சாவியை எடுத்ததும் எல்லாத் தகடுகளும் துருத்த வேண்டும்.

நெருடும் தகட்டை அரத்தால் ராவி மட்டப்படுத்திக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஐந்து நிமிட வேலை, சாவி வெண்ணெயாகத் திரும்பும். ஆனால் ராவப்பட்ட ஒவ்வொரு தகடும் பூட்டின் காவலில் ஒரு ஓட்டை. இரண்டு மூன்று தகடுகள் அப்படிப் போனால் ஏறக்குறைய ஒத்த எந்தச் சாவிக்கும் பூட்டு இணங்கிவிடும். சேதாரம் இல்லாமல் சரியான அளவுத் தகட்டை மாற்றித் தருபவரிடம் கொடுப்பதே மேல். தானே செய்யத் தயங்குபவர்கள், கழற்றிய பேரலையும் புதியதையும் சாவியோடு பூட்டுக்காரரிடம் கொடுத்தால் போதும், காரைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மாட்டும்போது புதிய கேஸ்கெட் போடுங்கள். பேரலின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அது கீழ்நோக்கி நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மழைநீர் உள்ளேயே தேங்கித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். கிளிப் இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு ராடை இணையுங்கள்.

உடனே மூடியைச் சாத்திவிடாதீர்கள். இதில் கோட்டை விடுபவர்களே அதிகம். மூடி திறந்திருக்கும்போதே ஸ்குரூ டிரைவர் முனையால் லாட்ச்சின் நாக்கை அழுத்தி, அது பூட்டும் நிலைக்குத் தள்ளுங்கள்; பெரும்பாலும் இரண்டு கிளிக் கேட்கும். இப்போது சாவியால் விடுவித்துப் பாருங்கள். டிரைவர் சீட்டருகே கேபிள் இருந்தால் அதனாலும், பட்டன் இருந்தால் பேட்டரியை இணைத்து அதனாலும் தனித்தனியே பாருங்கள். எல்லாம் நாலைந்து முறை தவறாமல் விடுவித்த பிறகுதான் மூடியைச் சாத்த வேண்டும், அப்போதும் சாவி கையில் இருக்க வேண்டும்.

மூடியபின் ஆட்டம் தெரிந்தாலோ அறைந்து சாத்த வேண்டியிருந்தாலோ பாடியில் உள்ள வளையத்தின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி ஒரு நேரத்துக்கு 1 மி.மீ. அளவே நகர்த்துங்கள். ஒரு காகிதத் துண்டை பீடிங் மேல் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடம் மழைநீர் புகும் இடம். புகைக்குழாய் வாயுவுக்கும் அதுதான் வாசல். பூட்டு கெட்ட டிக்கியைக் கயிற்றால் கட்டி நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இதை நினைப்பதில்லை. ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று, கார்பன் மோனாக்சைடு கலந்த புகையை இடைவெளி வழியே உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரே, இறுகிய பேரலைத் தற்காலிகமாக இளக்கவும் ஈரத்தை வெளியேற்றவும் உதவும். 1953-ல் அது உருவானதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். பேரலுக்கு நிரந்தர மசகாக அது போதாது. மோட்டார் எண்ணெயும் கிரீஸும் அதைவிட மோசம், தூசியைப் பிடித்துச் சேறாக்கும். பேரலுக்குக் கிராஃபைட் பொடி அல்லது உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே, இரண்டில் ஒன்று. எண்ணெய் ஏற்கனவே பட்ட பேரலில் கிராஃபைட் போட்டால் களிம்பாகிவிடும், கழுவிக் காயவைத்துத்தான் போட வேண்டும். லாட்ச்சுக்கு மட்டும் கிரீஸ் தாராளமாக வைக்கலாம்.

கழற்றிய பழைய பேரலை, மிஞ்சிய தகடுகளோடு ஒரு சிறிய கவரில் போட்டு வைத்திருங்கள். கதவுப் பூட்டு ஒன்று நாளை மக்கர் செய்தால் அதே வகைத் தகடுகள் அதற்கும் பொருந்தக்கூடும். பழைய மாடல்களுக்குத் தகடுகள் தனியாகக் கிடைப்பது அரிது.

இப்படிக்கு,
பழைய கார் பூட்டு வேலை அறிந்த ஒரு வாசகர்