பாப்பாவின் கேள்விக்கு, உனக்கும் சேர்த்து

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமும் மருமகள், பாப்பா நலமும் அறிய ஆவல்.

பாப்பாவின் கேள்வியை ஒற்றை வரியில் அனுப்பியிருந்தாய். சிங்கப்பூரை நிறுவியவர் சாங் நீல உத்தமா என்று பள்ளியில் சொல்கிறார்கள், பாட்டி பரமேஸ்வரா என்றாரே, யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாள். சிரம்பான் கருமாதிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி அதுதான் என்பதால் அதைப் பலமுறை படித்தேன். கைப்பேசியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் வரலாற்று ஆசிரியையின் மகனுக்கும் பேத்திக்கும் இரண்டு வரி போதாது என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமாகப் படிக்காதே. படித்து முடித்ததும் பாப்பாவுக்கு உன் சொற்களில் சொல், ஆனால் இரண்டு தரப்பையும் சொல்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பரமேஸ்வரா சிங்கப்பூரை நிறுவினார் என்று பாட்டி சொல்லவில்லை. அவர் நிறுவியது மலாக்காவை. அதற்கு முன் சிங்கப்பூரில் இருந்தார் என்றுதான் சொன்னேன். பேச்சு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவதற்குள் எப்படி மாறிவிடுகிறது என்பதை நீயே பார்.

சாங் நீல உத்தமாவின் கதை செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் வருகிறது. இன்று அறிஞர்கள் பெரிதும் சார்ந்திருக்கும் அதன் வடிவம் 1612இல் ஜொகூர் அரண்மனையில் உருவானது. அதைத் தொகுத்தவராகக் கருதப்படும் துன் ஸ்ரீ லானாங் அந்நாட்டின் பெண்டஹாரா, அதாவது மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த முதலமைச்சர். அவர் அரச வம்சத்தை மாமன்னன் இஸ்கந்தர் சுல்கர்னைனிலிருந்து, அதாவது அலெக்சாந்தரிலிருந்து, தொடங்குகிறார். நடுவில் ராஜா சூலான் என்று ஒருவர் வருகிறார். சீனாவின் மீது படையெடுக்கப் புறப்பட்ட அவரை, பல் விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் ஏற்றிய ஒரு கப்பலை அனுப்பிச் சீனர்கள் ஏமாற்றுகிறார்கள். நாங்கள் புறப்பட்டபோது இளைஞர்களாக இருந்தோம், இந்த ஊசிகள் அப்போது பெரிய இரும்புக் கம்பிகளாக இருந்தன, சீனா அவ்வளவு தூரம் என்று கிழவர்கள் சொன்னதைக் கேட்டு அவர் திரும்பிவிடுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணந்துகொள்கிறார். பாப்பாவுக்கு இது பிடிக்கும். இந்த ராஜா சூலான் நம் இராஜேந்திர சோழனின் நினைவாக எஞ்சியவர் என்று பலர் கருதுகிறார்கள். அவருடைய கடற்படை 1025 வாக்கில் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கிச் சூறையாடியதை அவரே மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார். அடித்துவிட்டுப் போனவரின் பெயரையே பின்னால் வந்த அரண்மனை தன் முன்னோர் வரிசையில் சேர்த்துக்கொண்டதை நினைக்கும்போது, வம்சாவளி எழுதுபவனின் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கடல் இளவரசிக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் சுமத்ராவின் பலெம்பாங்கில் உள்ள புக்கிட் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். இரண்டு விதவைகளின் நெற்பயிர் பொன்னாகிறது. மூவரில் ஒருவரே ஸ்ரீ திரி புவனா என்னும் சாங் நீல உத்தமா. அவர் சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக் நோக்கி வரும்போது புயலில் கப்பல் மூழ்கப் பார்க்கிறது. எல்லாவற்றையும் கடலில் எறிந்தும் அடங்காத அலை, மணிமுடியை எறிந்தவுடன் அடங்குகிறது. கரையில் சிவந்த உடலும் கரிய தலையும் வெண்மையான மார்பும் கொண்ட ஒரு விலங்கைக் கண்டு, அதைச் சிங்கம் என்று கேட்டறிந்து, ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயரிடுகிறார். இந்தத் தீவுகளில் சிங்கமே கிடையாது என்பதைப் பாப்பா கேட்காமல் விடமாட்டாள். 1299 என்ற ஆண்டை நூல் சொல்லவில்லை. மன்னர்களின் ஆட்சிக் காலங்களைக் கூட்டிக் கழித்துப் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டது அது. அவருக்குப் பின் நான்கு மன்னர்கள், அவர்களில் கடைசியானவர் இஸ்கந்தர் ஷா. ஜாவாவின் மஜாபாஹித் அரசுப் படை வந்ததும் அவர் மூவார் வழியாகத் தப்பி ஓடி, நாய் ஒன்றைச் சருகுமான் உதைத்துத் தண்ணீரில் தள்ளியதைக் கண்ட இடத்தில், தான் சாய்ந்திருந்த நெல்லி மரத்தின் மலாய்ப் பெயரையே வைத்து மலாக்காவைக் கட்டுகிறார். இத்தனை பக்கத்தில் பரமேஸ்வரா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பெயரை நமக்குத் தருபவர்கள் வெளியூர்க்காரர்கள். தோமே பிரேஸ் என்ற போர்ச்சுகீசியர், மருந்துச் சரக்கு அறிந்தவர், மலாக்காவை அவருடைய நாட்டார் 1511இல் பிடித்த மறு ஆண்டு இங்கு வந்து, கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். அவருடைய பரமேஸ்வரா வானத்திலிருந்தும் வரவில்லை, கடலுக்கடியிலிருந்தும் வரவில்லை. பலெம்பாங் இளவரசர், ஜாவா மன்னருக்கு அடங்க மறுத்ததால் நாட்டை இழந்தவர், சிங்கப்பூரில் அடைக்கலம் புகுந்து, இடம் கொடுத்து உபசரித்த தலைவனையே எட்டே நாளில் கொன்றவர். ஐந்து ஆண்டுகள் அங்கே ஆண்ட பிறகு, கொல்லப்பட்டவனின் பக்கம் நின்ற சயாம் தரப்பு அவரைத் துரத்தியது. அதன்பின் மூவார், அதன்பின் மலாக்கா.

முதன்முறையாக இதைப் படிப்பவர்கள் உடனே பிரேஸின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அரண்மனை மறைத்ததை வெளியாள் உடைத்துச் சொல்லிவிட்டார், கசப்பாக இருப்பதால் அதுவே உண்மை என்று நினைப்பார்கள். நீயும் அப்படி நினைக்கக்கூடியவன் என்பதால் சொல்கிறேன். பிரேஸ் நிகழ்ச்சிகளுக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர். பிடிபட்ட ஊரில் உட்கார்ந்து, பிடித்தவர்களின் சம்பளத்தில் எழுதியவர். தோற்றவர்களின் வம்சம் ஒரு கொலையில் தொடங்கியது என்பது அவருடைய நாட்டாருக்குக் கேட்க இதமான செய்தி. அதனால் அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கவனமான மனிதர், வணிகம் பற்றி எழுதியதில் பெரும்பகுதி நிற்கிறது. உன் சின்ன அத்தையும் அப்படித்தான். வேண்டுமென்று பொய் சொல்கிறவர் அல்ல, ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் நம் வீட்டுக்குள் இருந்தவரும் அல்ல. உன்னிடம் அவர் பேசி முடித்ததும், மலாக்கா வழியாகப் போகிறவன் வீட்டுக்குள் வராமலே நெடுஞ்சாலையில் நேராக ஜொகூர் போய்விட்டாய். போகட்டும்.

மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கிறது. சீனத்து மிங் அரசின் பதிவேடுகள். அவற்றை எழுதியவர்களுக்கு மலாக்கா மன்னன் தேவனுக்குப் பிறந்தவனா கொலைகாரனா என்பதில் அக்கறையே இல்லை. யார் வந்தார், என்ன கொண்டுவந்தார், என்ன கொடுத்து அனுப்பினோம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1403இல் யோங்லே பேரரசர் யின் சிங் என்ற தூதரை மலாக்காவுக்கு அனுப்புகிறார். 1411இல் பரமேஸ்வரா மனைவி மக்களோடும் 540 பேருக்கு மேற்பட்ட பரிவாரத்தோடும் நேரில் சென்று சிறப்புப் பெறுகிறார். 1414இல் அவருடைய மகன் வந்து, தந்தை இறந்துவிட்டார் என்று அறிவிக்கிறார். அந்த மகனின் பெயர் மெகாட் இஸ்கந்தர் ஷா. பரமேஸ்வராவே இஸ்லாத்தைத் தழுவி இஸ்கந்தர் ஷா என்று பெயர் மாற்றிக்கொண்டார் என்று நம் ஊரில் இன்றும் பலர் சொல்வார்கள்; இருவரும் தந்தையும் மகனும் என்று வரலாற்றாசிரியர் வாங் குங்வூ 1968இல் மிங் பதிவுகளை வைத்து எழுதியதே எனக்குச் சரியாகப் படுகிறது. மகனுடைய பெயரைத் தந்தைக்குச் சூட்டி, தந்தையின் பெயரை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால், சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று கேட்க ஆளே இருக்காது அல்லவா? ஓ. டபிள்யூ. வோல்ட்டர்ஸ் என்ற அறிஞர் 1970இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்து சிங்கப்பூர் மன்னர்களே பலெம்பாங்கின் அவமானத்தை மூடுவதற்காகப் புனையப்பட்டவர்கள் என்று வாதிட்டார். அதை நான் முழுவதும் ஏற்கவில்லை. 1928இல் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் கிடைத்த பொன் காப்பும், 1984 முதல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே தோண்டி எடுத்த 14ஆம் நூற்றாண்டுப் பொருள்களும், அந்தக் காலத்தில் அங்கே செழிப்பான ஊர் ஒன்று இருந்ததை மெய்ப்பிக்கின்றன. ஊர் இருந்தது, அதை ஆண்டவர் பெயர் என்ன என்பதுதான் வழக்கு.

மலாக்கா நிறுவப்பட்ட ஆண்டைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். நீ எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு 1400 என்று மனப்பாடம் செய்தாய். 2010இல் நம் மலாக்கா மாநில அரசு 1262 என்று அறிவித்தது. சீனப் பதிவுகளில் 1411இல் உயிரோடிருந்தவர் 1262இல் எப்படி ஊரை நிறுவியிருப்பார் என்று அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தது உனக்கு நினைவிருக்கும்.

இனி நான் சொல்லவந்த பகுதி. இதைப் பாப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், அவள் வளர்ந்தபின் சொல், உனக்காக எழுதுகிறேன். துன் ஸ்ரீ லானாங் அரண்மனைக்கு வேண்டியவர்தான். அடைக்கலம் கொடுத்தவனைக் கொன்ற கதையை அவருடைய நூல் சொல்லவில்லை. ஆனால் அரச குலத்தைக் குற்றமற்றதாகவும் அது காட்டவில்லை. அதன் தொடக்கத்திலேயே ஓர் உடன்படிக்கை வருகிறது. பலெம்பாங் தலைவன் டெமாங் லேபார் டாவுன் ஸ்ரீ திரி புவனாவிடம், என் வழியினர் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை அவமானப்படுத்தக் கூடாது, இழிசொல் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்குகிறான். சிங்கப்பூர் ஏன் விழுந்தது என்பதற்கு அந்நூல் தரும் விடையும் அதே வழியில்தான் போகிறது. இஸ்கந்தர் ஷாவின் அந்தப்புரத்தில் சாங் ரஜுனா தாப்பா என்ற அதிகாரியின் மகள் இருந்தாள். மற்றப் பெண்கள் அவள் மீது பழி சொன்னார்கள். மன்னர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, அவளைச் சந்தை முனையில் கழுவேற்றச் சொன்னார். என் மகள் குற்றம் செய்தவளே ஆனாலும் கொன்றிருக்கலாமே, ஏன் இப்படி மானத்தை வாங்க வேண்டும் என்று வெதும்பிய தந்தை, மஜாபாஹித்துக்கு ஓலை அனுப்பிக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். துரோகம் செய்த அவனும் மனைவியும் பிறகு கல்லாகிப் போகிறார்கள். நூல் அவனையும் மன்னிக்கவில்லை.

நூலின் கடைசியில் மலாக்கா விழுவதற்கு முன்பும் இதே கதைதான். துன் முத்தாஹிர் என்ற பெண்டஹாரா, தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வழியினர், சுல்தான் மஹ்மூதுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று கிட்டுல் என்பவன் மூட்டிய பேச்சை ராஜா மென்டெலியார் என்ற பெருவணிகர், பெயரைப் பார்த்தால் நம் முதலியார்தான், கடற்படைத் தலைவர் வழியாக அரண்மனைக்கு எட்டச் செய்கிறார். சுல்தான் துன் முத்தாஹிரைக் குடும்பத்தோடு கொல்ல ஆணையிடுகிறார். உண்மை பிறகுதான் தெரிகிறது. சொன்னவர்களைத் தண்டிக்கிறார், வருந்துகிறார், ஆனால் அடுத்த ஆண்டு போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்துவிடுகின்றன. கொலையில் தொடங்கிய வம்சம் என்கிறார் பிரேஸ். கேட்காமல் தீர்ப்புச் சொன்ன வம்சம் என்கிறது அவர்கள் சொந்த ஏடு. இரண்டில் எது கடுமையான குற்றச்சாட்டு என்று நீயே சொல்.

நீ சிறுவயதிலிருந்தே நியாயம் பார்க்கிற பிள்ளை. உன் அண்ணனிடம்கூட அந்தக் குணம் இவ்வளவு இல்லை. ஆசிரியர் அறையில் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இத்தனை மாதம் பேசாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சிரம்பான் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் தேதி வாரியாக இருக்கின்றன. யார் எப்போது கையெழுத்திட்டார், எவ்வளவு வாங்கினார் என்பது அதில் உள்ளபடியே இருக்கிறது. நான் வாய் திறந்து எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அரண்மனைக்காரி சொன்னதாகிவிடும்.

ஜூன் விடுமுறைக்குப் பாப்பாவை அழைத்துவா. இங்கே மலாக்காவில் குன்றடியில் உள்ள சுல்தான் அரண்மனையின் மாதிரிக் கட்டடத்தை அவளுக்கு நானே சுற்றிக்காட்டுகிறேன். அதற்கு முன் நீ அவளைச் சிங்கப்பூரில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பொன் காப்பைக் காட்டு. 2019இல் ஆற்றோரம் ராஃபிள்ஸ் சிலை அருகே சாங் நீல உத்தமாவுக்கும் ஒரு சிலை வைத்தார்கள், அதையும் சொல். ஆசிரியர் சொன்னது தவறு என்று மட்டும் சொல்லிவிடாதே, பாட்டி சொன்னதும் தவறு என்று சொல்லிவிடாதே. இரண்டையும் சொல். மருமகளுக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள். மழை பிடித்தால் இரவில் ஓட்டாதே, யோங் பெங்கில் தங்கி, காலையில் புறப்படு. பெட்டியின் சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. நான் கோயிலுக்குப் போயிருந்தால்கூட நீயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா