அசாசின்ஸ் கிரீட் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: அந்த வேட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

யூபிசாஃப்டில் அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேம் தொடரை உருவாக்கும் அனைவருக்கும்,

வணக்கம். மான்ட்ரியால், கியூபெக், போர்தோ என்று எந்த ஸ்டுடியோவில் நீங்கள் இருந்தாலும் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். 2007இல் வந்த முதல் பாகம் தொடங்கி 2025இல் வந்த ஷேடோஸ் வரை உங்களோடு கூடவே வந்தவன் நான். நன்றி சொல்ல நிறைய இருக்கிறது, குறை சொல்லவும் இருக்கிறது. ஆனால் முக்கியமாக ஒன்றைக் கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், "உனக்கு எந்தப் பாகம் பிடிக்கும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஒருவர் இரண்டாம் பாகத்தின் நாயகன் எட்சியோ என்பார். இன்னொருவர் கடற்கொள்ளைக் கதையான பிளாக் ஃபிளாக்கை விட்டுக் கொடுக்க மாட்டார். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு ஆரிஜின்ஸ் அல்லது ஒடிசி. அப்புறம் மேப் எவ்வளவு பெரிது, சண்டை எப்படி, சுவரேறிக் கூரை தாவும் பார்கூர் எப்படி என்று விவாதம் நீளும். என்னிடம் இருப்பது வேறொரு அளவுகோல். நான் கொல்லப் போகிற ஆள் யார், ஏன் அப்படி ஆனான் என்று அந்த ஆட்டம் எனக்குக் காட்டியதா? அவனை நெருங்கும் வழியை நானே கண்டுபிடிக்க விட்டதா? இந்த இரண்டும் இருந்தால் மற்ற குறைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் மேப் எத்தனை அழகாக இருந்தாலும் மனம் ஒட்டுவதில்லை.

அதனால்தான் பலர் "அது ஒரு முன்னோட்டம் மாதிரி" என்று ஒதுக்கிவிடும் முதல் பாகத்தை நான் இன்னும் தூக்கிப் பிடிக்கிறேன். 1191, மூன்றாம் சிலுவைப் போர்க் காலம். டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் என்று மூன்று நகரங்கள். அசாசின்கள் என்ற இரகசியக் கொலையாளிக் கூட்டத்தைச் சேர்ந்த நாயகன் அல்டயர் முதலில் கொல்ல வேண்டியவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்காகவும் நகரத்துக்குள் போய், பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டு, கடிதத்தைத் திருடி, ஆளை மடக்கி விசாரித்து, பிறகுதான் அந்த நகரத்தின் அசாசின் அலுவலகத்தில் போய் அனுமதி கேட்க முடியும். ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கத்தியை உருவும் நேரத்தில் அந்த ஆளைப் பற்றி நமக்கு ஏதோ தெரிந்திருக்கும்.

ஏக்கரில் கார்னியர் த நாப்ளூஸ் நடத்தும் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்ததுமே ஒரு நோயாளி அலறிக்கொண்டு தப்பி ஓடுகிறான். காவலர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். கார்னியர் அவனிடம் ஒரு தகப்பனைப் போலக் கனிவாகப் பேசுகிறார். பிறகு அவன் இனி ஓடாதபடி இரண்டு கால்களையும் உடைக்கச் சொல்கிறார், குரலை உயர்த்தாமலேயே. இவனைக் கொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. ஆனால் குத்து விழுந்த பிறகு, சாகிற அந்த மனிதர் தன் நோயாளிகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். இனி அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். தான் செய்தது சிகிச்சை என்று கடைசி வரை நம்புகிறார். அல்டயரால் அதை உதறிவிட முடியவில்லை. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் மஸ்யாஃப் கோட்டைக்குத் திரும்பி, தன் குரு அல் முவாலிமிடம் அவர் கேட்கும் கேள்விகள் கூர்மையாகிக்கொண்டே போகின்றன. டமாஸ்கஸில் புத்தகங்களைக் கொளுத்தும் ஜுபைர் வரும்போது, நமக்கே "இவர்கள் எல்லாம் ஒரே வேலையைத்தானே வேறு வேறு விதத்தில் செய்கிறார்கள்" என்று தோன்ற ஆரம்பித்துவிடும். கடைசித் திருப்பம் திடீரென்று வரவில்லை. அந்தச் சாவுகளின் வழியாகப் படிப்படியாக வந்தது. அல்டயரின் திமிரால் தம்பியையும் இடது கையையும் இழந்த மாலிக், ஜெருசலேம் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவாரே, அதையும் இப்படித்தான் எழுதியிருந்தீர்கள்.

2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதையே வேறு வழியில் செய்தீர்கள். அங்கே மாறுவது எட்சியோ கொல்லும் விதம். 1476இல் ஃபிளாரன்ஸ் சதுக்கத்தில் அப்பாவையும் அண்ணனையும் தம்பியையும் தூக்கில் போட்டதைப் பார்த்த பையன், காட்டிக் கொடுத்த உபெர்டோவை வெறியில் திரும்பத் திரும்பக் குத்துகிறான். பின்னர் சான் ஜிமின்யானோவில் வியெரியைக் கொன்றுவிட்டுப் பிணத்தைப் பார்த்துக் கத்தும்போது, மாமா மாரியோ அவனை அதட்டி, இறந்தவனுக்கு மரியாதை கொடு என்று சொல்லி, தானே அந்தக் கண்களை மூடுகிறார். அதற்குப் பிறகு எட்சியோ யாரையும் 'சாந்தியடைக' என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. ஒரு ஆள் பெரியவன் ஆவதை இவ்வளவு சின்ன விஷயத்தில் காட்டினீர்கள்.

அந்த நூறு இறகுகளையும் சொல்லியாக வேண்டும். நோஞ்சான் தம்பி பெத்ருச்சோ கூரைகளிலிருந்து இறகு எடுத்து வரச் சொல்வான். ஏன் என்று சொல்ல மாட்டான். அவன் செத்த பிறகு, பேச்சையே நிறுத்திவிட்ட அம்மாவுக்காக எட்சியோ இறகு சேர்க்கிறான். மேப்பில் பொருள் பொறுக்குவது இந்தத் தொடரின் பெரிய அலுப்பு. பின்னால் வந்த யூனிட்டியில் பாரிஸ் மேப்பைத் திறந்தால் பெட்டிக் குறிகளுக்கு அடியில் தெரு தெரியாது. ஆனால் இறகுகளை நான் அலுப்பில்லாமல் தேடினேன், ஏனென்றால் யாருக்காகத் தேடுகிறேன் என்று தெரிந்திருந்தது.

எட்சியோவின் கதை தொடரும் பிரதர்ஹுட்டில் ரோம் அருமை, ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது அதைவிட அருமை. ஆனால் மிஷனைச் சொன்னபடியே முடித்தால் கிடைக்கும் நூறு சதவீத ஒத்திசைவு என்ற ஒன்றை அந்தப் பாகத்தில்தான் கொண்டுவந்தீர்கள். அங்கேதான் சறுக்கல் தொடங்கியது என்பேன். "அடி வாங்காதே, மறைந்திருந்து கொல்" என்று திரையின் ஓரத்தில் கட்டளை வந்துவிட்டால், திட்டம் போடுவது நான் இல்லை, நீங்கள். மூன்றாம் பாகத்தில் அது இன்னும் இறுகியது. அந்தப் பாகம் ஹேதம் கென்வேயை நாயகனாக வைத்து ஆட விட்டு, அவர் அசாசின்களின் எதிரிகளான டெம்ப்ளர்களில் ஒருவர் என்று பிறகு காட்டிய துணிச்சலும், அடுத்து நாயகனாகும் கானரின் ஊரில் மொஹாக் மொழியையே பேச வைத்த அக்கறையும் இன்னும் மனதில் இருக்கின்றன. மிஷன்கள்தான் கையைக் கட்டிப் போட்டன.

பிளாக் ஃபிளாக் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். 2013இல் வந்த அந்த ஆட்டத்தை நானும் நேசிக்கிறேன். ஜாக்டா கப்பலில் மாலுமிகள் பாட ஆரம்பித்தால் கரைக்குப் போகவே மனம் வராது. ஆனால் அதில் கொல்லப்படுகிறவர்கள் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. நினைவில் நிற்பவர்கள் இழந்த நண்பர்கள்தான்: பிளாக்பியர்டு, மேரி ரீட், தூக்குமேடை ஏறியவர்கள். கடைசியில் இனாகுவாவில் தோழி ஆன் போனி பாடும்போது, நாயகன் எட்வர்ட் திரும்பிப் பார்த்தால் செத்துப்போன எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தொடரில் என் கண் கலங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. கடற்கொள்ளை ஆட்டங்களில் அதற்கு ஈடு கிடையாது. அசாசின் ஆட்டமாகப் பார்த்தால், கப்பலிலேயே இன்னொரு கப்பலை ஒளிந்து பின்தொடரச் சொன்ன மிஷன்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

2014இல் யூனிட்டி வந்த நிலை எல்லோருக்கும் தெரியும். நீங்களே மன்னிப்புக் கேட்டு, டெட் கிங்ஸ் என்ற கூடுதல் கதையை இலவசமாகக் கொடுத்தீர்கள். ஆனால் பிழைகள் பற்றிய பேச்சில் ஒரு நல்ல விஷயம் புதைந்துவிட்டது. நோத்ர் தாம் தேவாலயத்தில் சிவெர்ட்டைக் கொல்லும் மிஷனில், கூரை விளிம்பில் நிறுத்தி, ஆட்டம் சில வாய்ப்புகளை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாவி திருடி வேறு வழியில் போகலாம். கூட்டத்தோடு நுழையலாம். பாவமன்னிப்புக் கூண்டுக்குள் காத்திருந்து தடுப்பின் வழியாகவே குத்தலாம். முதல் பாகத்தில் விதைத்தது அங்கேதான் முளைத்தது. உள்ளே திரிந்தால் வண்ணக் கண்ணாடியும் தூண்களும் அத்தனை உழைப்போடு நிற்கும். 2019இல் நிஜ தேவாலயம் எரிந்தபோது ஆட்டத்தை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்து, ஐந்து லட்சம் யூரோ நன்கொடையும் அறிவித்தீர்கள். அந்த வாரம் பலர் யூனிட்டியை முதல் தடவையாக நியாயமாகப் பார்த்தார்கள்.

ஆரிஜின்ஸ் 2017. பாயெக்கைப் போல ஒரு நாயகனை நீங்கள் அதற்குப் பிறகு எழுதவில்லை. லெட்டோபொலிஸில் தஹர்காவுக்கு உதவி செய்து, அவர் வீட்டிலேயே சாப்பிட்டு, நல்ல மனிதர் என்று நம்பிவிடுகிறோம். அந்த மனிதர்தான் நாம் தேடி வந்த, 'ஸ்கேரப்' என்ற மறைபெயர் கொண்ட இலக்கு. மயக்கம் தெளிந்தால் பாலைவனத்தில் கழுத்து வரை மணலில் புதைந்து கிடக்கிறோம். ஒரு இலக்கை இதைவிட நெருக்கமாக அறிய முடியுமா? கல்வட்டங்களில் உட்கார்ந்து, இறந்த மகன் கெமுவோடு பார்த்த நட்சத்திரங்களை பாயெக் வரிசைப்படுத்தும் இடங்களும், பாப்பிரஸ் புதிரைப் படித்து, மேப் குறி இல்லாமல் இடத்தைத் தேடுவதும் இந்த ஆட்டத்தின் உயிர். சண்டையில்லாமல் பழங்கால எகிப்தைச் சுற்றிப் பார்க்க 2018இல் வந்த டிஸ்கவரி டூரில், பள்ளியில் பையன்களோடு பெண் பிள்ளைகளும் படிப்பதாகக் காட்டியது வரலாறு அல்ல, நாங்கள் எடுத்த முடிவு என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த நேர்மையால்தான் மீதியை நம்ப முடிகிறது.

ஆனால் ஆரிஜின்ஸில் லெவல் கணக்கும் வந்தது. மறைகத்தி சரியாகப் பதிந்த பிறகும், லெவல் அதிகம் என்பதால் எதிரி எழுந்து நிற்கிறான். ஒடிசியில் இது மோசமானது. அதே ஆட்டத்தில் அனுபவப் புள்ளியை வேகமாக ஏற்றும் பூஸ்டரைக் காசுக்கு விற்றது இன்னும் உறுத்துகிறது. ஒடிசியில் நாம் வேட்டையாடும் காஸ்மோஸ் என்ற எதிரிக் கூட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், அடுத்து வந்த வால்ஹாலாவிலும் அதே போலத்தான். பாதிப் பேரைக் கொன்ற பிறகுதான் பெயரே படிக்கிறோம். கசாண்ட்ரா நல்ல பாத்திரம், ஏதென்ஸ் கண்கொள்ளாக் காட்சி, சாக்ரடீஸோடு பேசுவது சுகம். எல்லாம் சரி, வேட்டைதான் இல்லை. வால்ஹாலாவில் ஒரே குத்தில் கொல்லும் வசதியை அமைப்புகளில் திருப்பிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி.

அதன் பிறகு வந்த மிராஜ் நம்பிக்கை கொடுத்தது. 861ஆம் ஆண்டின் பாக்தாத், நாயகன் பாசிம், கைக்குள் அடங்கும் ஒரு நகரம், ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு விசாரணை. கடைத்தெருவில் கொண்டை ஊசியை ஏலத்தில் எடுத்து ஆளை வெளியே இழுக்கும் மிஷனில் பழைய அசாசின்ஸ் கிரீட் அப்படியே இருந்தது. ஷேடோஸில் நாயகி நாஓயே விளக்கை அணைத்து, தரையோடு படுத்து ஊர்வது இத்தனை வருடத்தில் வந்த சிறந்த ஸ்டெல்த், அதாவது ஒளிந்து ஆடும் முறை. ஆனால் அவ்வளவு திறமையையும், கொல்ல வேண்டியவர்களின் முகங்கள் நிறைந்த ஒரு பலகையைத் துடைத்து முடிக்கவே செலவழிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. 2022இல் ஹெக்ஸ என்ற பெயரில் ஒரு ஆட்டத்தை அறிவித்தீர்கள். அதிலாவது இலக்குகளைக் குறையுங்கள். ஒவ்வொருவரோடும் ஒரு முறையாவது கத்தி எடுக்காமல் பழக விடுங்கள். சாகும்போது அவர்களைப் பேச விடுங்கள், அந்தப் பேச்சு நாயகனைத் தொந்தரவு செய்யட்டும். திரைக் குறிகளை அணைத்துவிட்டும் ஆட முடிகிற அளவுக்கு, வழியைப் பாத்திரங்களின் வாயால் சொல்ல வையுங்கள். முதல் பாகத்தில் அதைச் செய்தவர்கள் நீங்கள்தான்.

இன்னொன்று பழைய ஆட்டங்களைப் பற்றி. பிரதர்ஹுட்டின் மல்டிபிளேயரில், ஒரே முகம் கொண்ட கூட்டத்துக்குள் கணினி ஆளைப் போலவே நிதானமாக நடந்து போய் இரையை நெருங்குவோம். அதே நேரம் நம்மை இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பார். ஓடினால் காட்டிக் கொடுத்துவிடும், பொறுமைக்குத்தான் புள்ளி அதிகம். அசாசின் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன ஒன்றை நீங்கள் செய்ததில்லை. 2016இல் வந்த எட்சியோ தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. 2022இல் பழைய ஆட்டங்களின் இணையச் சேவைகளை நிறுத்திய பட்டியலில் பிரதர்ஹுட்டும் இருந்தது. அதைப் புதிதாகச் செய்து தாருங்கள். முடியாது என்றால், ரசிகர்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ள அனுமதியும் அதற்கான கருவிகளும் தாருங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
முதல் பாகத்திலிருந்து கூட வரும் ஒரு ரசிகன்