லாரிக்காரனின் துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ராணுவத் துப்பாக்கிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எது சிக்காமல் சுடும், எது காலை வாரும் என்று நன்றாகவே அலசியிருந்தார்கள். ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்ற பேச்சே வரவில்லை. பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் நான். அதனால் அது உறுத்தியது.

2003 மார்ச் 23-ஆம் தேதி, அமெரிக்க ராணுவத்தின் 507-ஆவது பராமரிப்புக் கம்பெனி வழி தவறி இராக்கின் நஸிரியா நகருக்குள் போய் மாட்டிக்கொண்டது. பேட்ரியாட் ஏவுகணைப் படைக்குப் பழுதுபார்ப்பு வேலை செய்பவர்கள். 33 பேரில் 11 பேர் இறந்தார்கள். சண்டை நடக்கும்போதே பலருடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டது. பாலைவனத்தில் அவரவர் ஆயுதத்தைச் சரியாகப் பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்றது ராணுவ அறிக்கை. சரி. ஆனால் அவர்கள் 60, 70 மணி நேரமாகச் சரியான ஓய்வே இல்லாமல் வந்துகொண்டிருந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. கண் சொருகிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பவன் எப்போது துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகத்தை, கழற்றித் துடைப்பான்?

துப்பாக்கியின் மேல் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்-16 துப்பாக்கி சிக்கியதற்குச் சிப்பாயைத் திட்ட முடியாது. வெடிமருந்தை மாற்றிவிட்டார்கள், தோட்டா உட்காரும் சேம்பருக்குக் குரோம் பூசவில்லை, துடைக்கும் சாமான்களைக்கூடப் போதுமான அளவு கொடுக்கவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே இதை விசாரித்துக் கண்டித்தது. அப்புறம் குரோம் பூசி, சாமான் கொடுத்து, துடைக்கவும் சொல்லிக்கொடுத்த பிறகு நிலைமை வெகுவாக மாறியது.

கட்டுரையாளர் பெரிதாகச் சொல்லும் 2007 தூசிச் சோதனைக்கு, அதாவது அமெரிக்க ராணுவம் துப்பாக்கிகளைத் தூசிக்கு நடுவே சுட்டுப் பார்த்த சோதனைக்கு, வருகிறேன். ஒவ்வொரு ரகத்திலும் 60,000 ரவுண்டு (தோட்டா) சுட்டதில், அவர்கள் பயன்படுத்திவந்த எம்-4 துப்பாக்கி 882 முறை தடைப்பட்டது, போட்டிக்கு வந்த எக்ஸ்எம்-8 துப்பாக்கி 127 முறைதான். வித்தியாசம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துத் துடைத்து எண்ணெய் விட்டார்கள். லாரியில் துப்பாக்கி இருக்கும் இடம் சீட்டுக்குப் பின்னால், ஜாக்கிக்கும் டீசல் துணிக்கும் நடுவில். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியெல்லாம் அதன் மேல்தான். எண்ணெய் தாராளமாக விட்டிருந்தால் இன்னும் மோசம், புழுதியும் எண்ணெயும் குழைந்து பசையாகிவிடும்.

துடைப்பதிலும் ஒரு கூத்து உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி பேரலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார், பளபளவென்று இருந்தால் பாஸ். அதனால் எல்லோரும் பேரலையே தேய்ப்போம். சேம்பரின் மூலையிலும் சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியிலும் படிந்த கரியை யாரும் கேட்பதில்லை, நாங்களும் சீண்டுவதில்லை. எங்கள் யூனிட்டிலேயே பளிச்சென்று இருந்தது சமையல்காரரின் துப்பாக்கிதான். சுட்டால்தானே அழுக்காகும்!

சுடுவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ரேஞ்ச், அதாவது சுடும் பயிற்சி, வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் வண்டி வேலை இல்லாத நாளாக இருந்தால். ஒருமுறை மூன்றாவது ரவுண்டிலேயே என் துப்பாக்கி நின்றுவிட்டது. அப்படி நின்றால் தோட்டாக்கள் இருக்கும் மகசினைத் தட்ட வேண்டும், போல்ட்டை இழுக்க வேண்டும், உள்ளே பார்க்க வேண்டும், மறுபடி சுட வேண்டும். வாயால் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பித்திருப்பேன். கை மட்டும் நகரவில்லை. டிரிகரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பயிற்சியாளர் மகசினை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். தோட்டாவைப் பிடித்திருக்கும் அதன் மேல் உதடு ஒருபக்கம் லேசாக நெளிந்திருந்தது. வண்டியிலிருந்து குதிக்கும்போது எங்கேயோ இடித்திருக்கிறேன். வேறு மகசின் மாட்டினார், மீதி ரவுண்டெல்லாம் ஒழுங்காகப் போனது.

காலாட்படைக்காரனுக்கு அந்தத் தட்டு, இழு, பார், சுடு எல்லாம் விரலிலேயே இருக்கும். அத்தனை முறை செய்திருப்பான். எங்களுக்கு நிஜ ரவுண்டு தராவிட்டாலும் போகட்டும், வெடிக்காத டம்மி ரவுண்டைக் கலந்து மகசினை நிரப்பிக் கொடுத்து, மாதம் அரைமணி நேரம் தடையை நீக்கப் பழக்கியிருக்கலாம். அதற்குப் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ஒரு ஓட்டுநரிடமோ ஸ்டோர் கீப்பரிடமோ கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கட்டுரையாளர் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர்