பாம்பை அடையாளம் சொன்ன அண்ணனுக்கு நன்றி

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் குளியலறையில் வந்த பாம்பின் படத்தைப் பார்த்ததும், இரவென்றும் பாராமல் கூப்பிட்டுப் பேசிய அண்ணா, எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

கருத்த உடல், வெள்ளைப் பட்டைகள். கட்டுவிரியன் என்று பயந்து பக்கத்து வீட்டார் கம்போடு வந்துவிட்டார்கள். "அடிக்காதீங்க, தள்ளி நின்னே கழுத்துப் பக்கம் இன்னொரு படம் எடுங்க" என்றீர்கள். அப்புறம் பொறுமையாக விளக்கினீர்கள். வந்தது வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சில்லாத பாம்பாம். அதற்குப் பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும். கட்டுவிரியனுக்கோ தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும். பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, வால் பக்கம் தெளிவாக இருக்கும். பல்லி தேடிச் சுவரேறுவதும் வரையனின் வழக்கமாம். அந்த உயிர் பிழைத்தது உங்களால்தான்.

அதைவிட நான் மதிப்பது, படத்தை நம்பிக் கையால் தொடக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதை. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், சந்தேகம் வந்தாலே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள் என்றும் சொன்னீர்கள். தரையில் படுத்துவந்த அம்மாவுக்கு இப்போது கட்டிலும் கொசுவலையும் வந்தாச்சு.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், சரி. இந்தப் பக்கம் வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் அண்ணா.