கேம் நடுவே ஹேங் ஆனால் ஃபார்மட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் ஆடும்போது கணினி ஹேங் ஆகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் விண்டோஸை ஃபார்மட் அடித்துத் தருகிறார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்கிறார்கள். முதலாவதில் பிள்ளைகளின் கோப்புகள் போகின்றன, இரண்டாவதில் பல்லாயிரம் ரூபாய் போகிறது. புதுக் கார்டு போட்ட பிறகும் அதே மாதிரி நிற்கும் கணினிகள் உண்டு. எந்த வகை ஹேங் என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது.

திரை உறைந்ததும் பவர் பட்டனைத் தேடாமல், கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது; சிக்கியிருப்பது கேம் அல்லது கிராபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி தொடங்கும், திரை மீண்டு வர வாய்ப்பு உண்டு. விளக்கு மாறவே இல்லை, ஸ்பீக்கரில் கடைசிச் சத்தம் "ர்ர்ர்" என்று ஒரே இழுப்பாக நிற்கிறது என்றால் ராம், பிராசஸர், மதர்போர்டு, கார்டு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம். பட்டென்று அணைந்து தானே மறுபடி ஆன் ஆனால் முதலில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பாருங்கள். சில விநாடி நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் எஸ்எஸ்டி பதில் சொல்லத் தாமதிக்கிறது, அல்லது ராம் நிரம்பிவிட்டது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைத்து வைத்திருப்பவர்கள், அதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி திரும்ப விட்டாலே இந்த வகை ஹேங் பல நேரம் வராமல் போய்விடும்.

மறுபடி ஆன் செய்ததும், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் போச்சு என்று சொன்னால் நம்ப வேண்டாம். கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீங்களே பவர் பட்டனைப் பிடித்து அணைத்திருந்தாலும் அதேதான் வரும். பயன் தருபவை வேறு. டிஸ்ப்ளே 4101 என்றால் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராததால் விண்டோஸ் டிரைவரை மீட்டிருக்கிறது. எண் 129 உடன் ஸ்டோரேஜ் டிரைவரின் பெயர் இருந்தால் எஸ்எஸ்டியோ அதன் இணைப்போ காரணம். வியா லாகர் (WHEA-Logger) 18 என்றால் பிராசஸரே வன்பொருள் பிழையைப் பதிவு செய்திருக்கிறது.

அடுத்து ராம். கிராபிக்ஸ் கார்டை வீண்பழி அதிகம் சுமக்க வைப்பது இதுதான். பெட்டியில் 6000 என்று போட்டு விற்கும் டிடிஆர்5 ராம், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகத்தில் ஓடும். இல்லாவிட்டால் பெரும்பாலும் 4800தான். அந்த 6000 என்பது ராம் கம்பெனி தரும் உறுதி. பிராசஸரும் மதர்போர்டும் அதைத் தாங்கியே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு ராம் செருகினால் 3600. இரண்டு வருடம் கழித்து இன்னும் இரண்டு ராம் வாங்கிச் செருகிவிட்டு, பழைய வேகத்திலேயே ஓட்டினால் ஹேங் ஆகாமல் என்ன செய்யும்? எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அதே கேமை, அதே இடத்தில், இரண்டு மூன்று மணி நேரம் ஆடுங்கள். ஹேங் நின்றுவிட்டால் கார்டு மேல் குற்றமில்லை. பயாஸை அப்டேட் செய்து, 6000க்குப் பதில் 5600 வைத்துப் பாருங்கள். இரண்டே ராம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆம் இடங்களில் இருக்க வேண்டும். 1, 2 இல் செருகிய கணினிகளை இன்னமும் பார்க்கிறோம். எக்ஸ்எம்பி அணைத்தும் ஹேங் ஆனால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க, நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் சரியில்லை. ஒவ்வொன்றாகச் செருகி எது என்று கண்டுபிடிக்கலாம்.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறை ஐ5 (பெயரில் கே உள்ளவை), ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் பிராசஸர் உள்ளுக்குள் தேய்வதை 2024 இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி என்று முடியும் மைக்ரோகோடுகளை (பிராசஸரின் உள் நிரல் திருத்தங்கள்) வெளியிட்டது. இவை பயாஸ் அப்டேட் வழியாக வருபவை. அறிகுறியோ ஆளைக் குழப்பும்: கார்டில் வேண்டிய மெமரி இருக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று கேம் மூடிக்கொள்ளும், என்விடியா டிரைவர் இன்ஸ்டால் பாதியில் தோற்கும், பெரிய ஜிப் கோப்பை விரித்தால் பிழை வரும். பார்ப்பவர் கார்டைத்தான் சந்தேகிப்பார். பயாஸ் அப்டேட் இனி தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. பெட்டியோடு விற்ற இந்த பிராசஸர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டி மொத்தம் ஐந்து ஆக்கியிருக்கிறது. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் வாட்ஸ் மட்டும் பார்த்து வாங்குவது தவறு. 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்குகிறது என்பதற்கான அளவு. கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் திடீரென இழுக்கும்போது தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம்தான், இரு மடங்கு சுமையை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. கார்டில் மின்சாரத்துக்கு இரண்டு 8 பின் இணைப்பு இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைப் பின்னைச் செருகினால் 300 வாட்ஸ் கார்டின் சுமையில் பெரும்பகுதி அந்த ஒரே கேபிள் மேல் விழும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், கேம் ஓடும்போது 12 வோல்ட் இணைப்பு 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கேமிங் கணினியை அதில் மாட்டியிருந்தால், ஒருநாள் நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டு ஆடிப் பாருங்கள்.

சூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் சூடானால் முதலில் வேகம்தான் குறையும், படம் தத்தித் தத்தி ஓடும். ரைசன் 7000 வரிசையின் பல பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவது அவற்றின் இயல்பே. சூட்டை அளந்து பதியும் எச்டபிள்யூ இன்ஃபோவைப் பின்னணியில் ஓடவிட்டு, ஹேங்குக்கு முந்தைய நிமிடத்தின் அளவைப் பாருங்கள். தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் சுழன்று பேரிங் கெட்டுவிடும்.

இவ்வளவும் தேறிய பிறகே கார்டு. இன்டர்நெட் கேபிளைக் கழற்றி, சேஃப் மோடில் டிடியு என்ற மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாக ஏற்றுங்கள். அப்புறமும் ஹேங் ஆனால் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் வேகமான கோர் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். அப்போது ஹேங் ஆகாமல் ஓடினால், கம்பெனி வைத்த வேகத்தையே கார்டு தாங்கவில்லை என்று அர்த்தம். வாரண்டிக்கு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை. ஃபார்மட் அடிப்பதற்கு முன், ராமை எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள், வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தீர்களா, பயாஸ் எந்தப் பதிப்பு என்று பில்லிலேயே மூன்று வரி எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுது நீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.